பாரசீக நுண்ணோவியம்: ஃபர்ஷ்சியான் வழியா, பூயான் வழியா?

பாரசீக நுண்ணோவிய மரபை இன்றைய ஓவியர் எப்படிக் கையில் எடுக்கலாம் என்று கேட்டால், ஈரானின் இஸ்ஃபஹான் நகரில் பிறந்த இரண்டு பேரை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

மஹ்மூத் ஃபர்ஷ்சியான் (1930–2025) மரபை வளர்த்துக்கொண்டே போனவர். பழைய நுண்ணோவியம் பெரும்பாலும் ஏட்டுக்குள், கதையை ஒட்டியே இருந்தது. நிழல் கிடையாது, முகங்களில் பெரிதாக உணர்ச்சியும் தெரியாது. இவர் அதைத் தனிப் படமாக வெளியே கொண்டுவந்து, சுழன்றோடும் கோடுகளையும் கண்ணீரையும் சேர்த்தார். 1976இல் வரைந்த 'ஆஷூரா மாலை', நபிகளின் பேரன் இமாம் ஹுசைன் கர்பலா போரில் கொல்லப்பட்ட ஆஷூரா நாளின் மாலைப்பொழுதைக் காட்டுகிறது: களத்திலிருந்து ஆளில்லாமல் திரும்பிய அவருடைய குதிரை, அதைச் சுற்றி அழும் பெண்கள். ஹுசைன் படத்தில் இல்லை, ஆனால் அந்த இல்லாமைதான் முழுப் படமும்.

ஷாபூர் பூயான் (பிறப்பு 1979) வேறு திசை. பழைய நுண்ணோவியங்களை எடுத்து மனிதர்களை மட்டும் கணினியில் நீக்கிவிடுகிறார். அரசனும் படையும் போய்விட, கட்டடமும் மரமும் பாறையும் மிஞ்சுகின்றன. முதலில் ஏமாற்றமாக இருக்கும். அப்புறம் கொஞ்சம் நின்று பார்த்தால், ஆட்கள் மறைத்திருந்த நுண்வேலைப்பாடும், சுவரை நேராகவும் தரையை மேலிருந்தும் ஒரே படத்தில் காட்டும் அந்தக் காலத்து உத்தியும் பளிச்சென்று தெரிகின்றன.

எனக்குப் பூயான்தான். மூல ஓவியங்களைத் திரும்பத் தேடிப் பார்க்க வைத்தவர் அவர். ஆனால் இந்த மரபே புதிது என்றால் ஃபர்ஷ்சியானில் தொடங்குங்கள்.