நியூட்ரலில் மட்டும் வாய் திறக்கும் கியர்பாக்ஸ்

போன வாரம் நண்பன் கேட்டான்: "மச்சி, என் செவ்ரொலே சி10 பிக்கப்ல 454-ங்கிற பெரிய வி8 பெட்ரோல் இன்ஜினை ஏத்தப் போறேன். உன் வண்டியில இருக்கிற அதே கியர்பாக்ஸைப் போட்டுடலாமா?" நான் அப்போதுதான் பெட்டியை இரண்டாவது தடவையாக இறக்கி ஏற்றிவிட்டு, முழங்கை வரை கிரீஸோடு உட்கார்ந்திருந்தேன். "போடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். காரணம் சொல்கிற பொறுமை அன்றைக்கு இல்லை. இன்றைக்கு இருக்கிறது, கொஞ்சம்.

என் வண்டி 1972 டாட்ஜ் டி200. உள்ளே 12 வால்வு கம்மின்ஸ் 6பிடி டீசல் இன்ஜின், 5.9 லிட்டர். பின்னால் டேனா 60 ஆக்சில், 4.10 ரேஷியோ. டயர் சுமார் 32 அங்குலம். கியர்பாக்ஸ் என்வி4500, லாரி வகைப் பெட்டி, ஐந்து கியர், வார்ப்பிரும்பு உடம்பு. ஓட்ட ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது.

முதலில் ஏன் இதை எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வந்த நான்கு கியர் பெட்டி முரட்டுப் பயல்தான், உடையாது. ஆனால் நான்காவது நேர் கியர், அதாவது இன்ஜின் சுற்றுகிற அதே வேகத்தில் வெளித்தண்டும் சுற்றும்; அதற்கு மேல் ஒன்றுமில்லை. இந்த டயருக்கும் ஆக்சிலுக்கும் மணிக்கு 100 கி.மீ. போக வேண்டுமென்றால் இன்ஜின் 2,700 சுற்றில் நிற்கும். 1989-ல் டாட்ஜ் இந்த இன்ஜினை முதன்முதலில் தன் பிக்கப்பில் வைத்தபோது 160 குதிரைத்திறனைக் கொடுத்ததே 2,500-ல்தான். அதாவது பாவம், அது மூச்சிரைக்கும் இடத்தில் நான் அதை நாள் முழுக்க ஓட வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவதாக ஓவர்டிரைவ், அதாவது இன்ஜினைவிட வெளித்தண்டு வேகமாகச் சுற்றும் கியர், முக்காலுக்கு அருகில் இருந்தால் அதே வேகம் 2,000 சுற்றிலேயே கிடைத்துவிடும். பழைய வண்டியில் டீசல் இன்ஜினை ஏற்றுகிறவர்களுக்கு ஓவர்டிரைவ் ஆடம்பரம் இல்லை.

எல்லோரும் முதலில் பார்ப்பது டார்க், அதாவது முறுக்குவிசை, எவ்வளவு தாங்கும் என்கிற எண்ணைத்தான். நானும் பார்த்தேன். கார்களுக்கான பெட்டிகளில் டிரெமெக் டிகேஎக்ஸ் 600 பவுண்டு-அடி, டி56 மேக்னம் 700. என்வி4500-க்குச் சொல்லப்படுவது 460. தாளில் பார்த்தால் லாரிப் பெட்டிதான் நோஞ்சான். ஆனால் டிகேஎக்ஸில் முதல் கியர் 2.87 அல்லது 3.27, இதில் 5.61. ஆக்சிலோடு பெருக்கிப் பாருங்கள், 2.87-க்கு 12-ஐத் தொடாது, 5.61-க்கு 23. டிரெய்லரைப் பின்னால் கட்டிக்கொண்டு மேட்டில் நின்று கிளம்பும்போது, 12 உள்ளவன் கிளட்சைக் கருக்கித்தான் கிளம்ப வேண்டும். கியர்பாக்ஸ் தாங்கும், கிளட்ச் தாங்காது. அந்த ஒற்றை எண்ணை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

முதல் கியரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. ஐடிலில், 750 சுற்றில், கிளட்சை விட்டுவிட்டு இரண்டு காலையும் தரையில் வைத்துக்கொண்டால் வண்டி மணிக்கு 5 கி.மீ.-ல் தானாக நடக்கும். ஆக்சிலரேட்டரே வேண்டாம், சுமை ஏறினால், டீசல் பம்பில் சுற்று குறையாமல் காக்கும் கவர்னர் பார்த்துக்கொள்ளும். ஒருமுறை ஈரப் புல்தரையில், டிரெய்லரில் முழுப் பாரத்தோடு, பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே நடந்து வர, அவர் வேகத்துக்கே ஓட்டினேன். சக்கரம் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. அந்த இரண்டு நிமிடத்துக்காக இந்தப் பெட்டிக்கு நான் கொடுத்த காசு சரி.

இப்போது இந்தப் பெட்டி நியூட்ரலில் போடும் கடகட சத்தத்துக்கு வருகிறேன்.

சிக்னலில் நிற்கிறீர்கள். நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்சிலிருந்து காலை எடுக்கிறீர்கள். உடனே அடியிலிருந்து, கொட்டாங்குச்சிக்குள் சோழியைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். கிளட்சை மிதித்தால் நிற்கும். விட்டால் வரும். நான்கு வருடமாக இதே கதை. பக்கத்து வண்டிக்காரர்கள் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, பேரிங் போயிருச்சு போல" என்று பரிதாபமாகச் சொல்கிறார்கள். பேரிங் போகவில்லை என்று நான் விளக்குவதற்குள் பச்சை விழுந்துவிடும்.

விஷயம் இதுதான். ஆறு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் என்றால் கிராங்க் ஒரு சுற்றுக்கு மூன்று தடவை உதை வாங்குகிறது. 750 சுற்றில் நொடிக்கு 37 உதைக்கு மேல். டீசல் உதை, பெட்ரோலைப் போல மெத்தென்று இருக்காது. ஒவ்வொரு உதைக்கும் பிளைவீல் ஒரு துளி முந்தும், ஒரு துளி பிந்தும். நியூட்ரலில் சுமையே இல்லாமல் சும்மா சுழலும் கியர்ப் பற்களுக்கு நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் அந்தத் துள்ளல் போய் மோதும். அதுதான் சோழி. பெட்டிக்குக் கேடு ஒன்றும் இல்லை. என் காதுக்குத்தான் கேடு.

குற்றவாளி யார் என்றால், நான்தான். "டார்க் அதிகம், பலமாகப் போடு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நடுவில் ஸ்பிரிங் இல்லாத செராமிக் கிளட்ச் டிஸ்க்கை வாங்கி மாட்டினேன். இன்ஜின் துள்ளுவதை அப்படியே பெட்டிக்குக் கொண்டு சேர்த்தது அது. போதாக்குறைக்கு கிளம்பும்போதெல்லாம் வண்டி குதிரைக் குட்டி மாதிரி உதறும். கெட்டியான எண்ணெய் ஊற்றினால் சத்தம் அடங்கும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு ஊற்றினேன். அடங்கவில்லை; காலையில் முதல் பத்து நிமிடம் இரண்டிலிருந்து மூன்றுக்குக் கியர்க் கம்பி நகரவே மறுத்தது. திரும்ப 75டபிள்யூ-85 ஜிஎல்-4 ரக சிந்தெடிக் கியர் எண்ணெய்க்கே வந்துவிட்டேன். ஜிஎல்-5 ஊற்றச் சொல்கிறவர்களும் உண்டு. அதில் சேர்க்கும் கந்தக-பாஸ்பரஸ் சமாச்சாரம் உள்ளே இருக்கும் பித்தளை மாதிரி மஞ்சள் உலோகத்துக்கு ஆகாது, அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

இந்த முறை இறக்கியது கடகடவுக்காக இல்லை. நின்ற இடத்தில் கியர் விழ அடம்பிடித்தது. கிளட்சை முழுக்க மிதித்தும் உள்ளே ஏதோ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இறக்கிப் பார்த்தால், கியர்பாக்ஸின் முன்தண்டு நுனியை இன்ஜின் பக்கம் தாங்கும் பைலட் பேரிங் தூளாகிக் கிடந்தது. முதல் தடவை இறக்கியதும் இதே பேரிங்குக்காகத்தான். அப்போது பேரிங்கை மட்டும் மாற்றி, வேறு எதையும் பார்க்காமல் ஏற்றினேன். இந்தத் தடவை புத்தி வந்து, நுண்ணிய விலகலை அளக்கும் டயல் இண்டிகேட்டரைக் காந்தக் காலோடு பிளைவீலில் ஒட்டி, ஊசியை பெல் ஹவுசிங்கின், அதாவது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவக் கூட்டின், நடுத்துளை விளிம்பில் வைத்து, இன்ஜினைக் கையால் ஒரு சுற்று சுற்றினோம். ஊசி 0.018 அங்குலம் ஓடியது. அதில் பாதி, 0.009, மையம் விலகியிருக்கும் அளவு. 0.005-ஐத் தாண்டவே கூடாது என்பார்கள். நான்கு வருடம் கியர்பாக்ஸின் முன்தண்டு கோணல் வாயில் சோறு தின்றுகொண்டிருந்திருக்கிறது. கூட்டை இடத்தில் நிறுத்தும் டோவல் பின்களைப் பிடுங்கி, போல்ட்டுகளைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டுவது, சுற்றிப் பார்ப்பது, மறுபடி தட்டுவது என்று ஒரு மதியம் போனது. ஊசி 0.004-க்குள் அடங்கியதும் இறுக்கி, புதுத் துளை போட்டுப் பின் அடித்தோம். பெட்டியை ஏற்றும் முன் பத்து நிமிட வேலையாக இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட 90 கிலோ எடையைப் படுத்துக்கொண்டு இறக்கி ஏற்றியவனுக்குத்தான் அந்தப் பத்து நிமிடத்தின் அருமை தெரியும்.

கூடவே ஸ்பிரிங் வைத்த ஆர்கானிக் டிஸ்க்குக்கு மாறினேன். உதறல் போச்சு. கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் விழுகிறது. கடகட பாதியாகக் குறைந்திருக்கிறது. பாதிதான். நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாக இருக்கும் டூயல் மாஸ் பிளைவீல் போட்டால் மீதியும் போகும், ஆனால் பம்பைத் திருகி டார்க்கை ஏற்றிவிட்டு அதன் ஸ்பிரிங்குகளைச் சாகடிக்க எனக்கு மனசில்லை.

இந்தப் பெட்டியின் ஐந்தாவது கியர் நட்டு தளர்ந்து கழலும் என்பது டீசல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் பிடிப்பு போல்ட் வைத்த நட்டைப் போட்டிருக்கிறேன், ஐந்தில் 1,600-க்குக் கீழே இன்ஜினை முக்க விடுவதில்லை. இதுவரை அசையவில்லை. வேகமாகக் கியர் மாற்ற நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். 2,500-ல் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் சுற்று 1,400-க்குக் கீழே விழும். அது விழும் வரை கம்பியை நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்தி வைக்க வேண்டும். அவசரப்படுத்தினால் கை வலிக்கும், வேறொன்றும் நடக்காது.

நண்பனுக்கு வருகிறேன். உன் 454 பெட்ரோல். சுற்று ஏறும் இன்ஜின். டிரெய்லர் நீ இழுக்கப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை சுற்றப் போகிறாய். 5.61 முதல் கியரில் 3.73 ஆக்சிலோடு, 29 அங்குல டயரில் 4,500 வரை முறுக்கினாலும் மணிக்கு 30 கி.மீ.-ல் முடிந்துவிடும், ஒவ்வொரு சிக்னலிலும் இரண்டாவதில்தான் கிளம்புவாய். பிறகு அந்த முதல் கியரை எதற்குச் சுமக்கிறாய்? டிகேஎக்ஸைப் போடு. ஆறு கியர் ஆசையிருந்தால் மேக்னம். லாரிப் பெட்டி என்றால் ஆண்மை என்று யாராவது சொன்னால், அவரை ஒருநாள் என் வண்டிக்கு அடியில் படுக்க அனுப்பு.

எனக்கு? சென்ற மாதம் ஒருவர் நல்ல நிலையில் இருக்கும் என்வி5600, ஆறு கியர், விலைக்கு இருப்பதாகச் சொன்னார். 150 கிலோவுக்கு மேல் எடை. போய்ப் பார்க்கக்கூட இல்லை. நேற்று சிக்னலில் சோழி குலுங்க ஆரம்பித்ததும் கால் தானாகக் கிளட்சுக்குப் போனது. சத்தத்துக்கு வெட்கப்பட்டு மிதித்தே வைத்திருந்தால், மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் சீக்கிரம் தேயும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் மிதிக்கிறேன். புது ரிலீஸ் பேரிங் ஒன்று, உறை பிரிக்காமல், சீட்டுக்கு அடியில் இருக்கிறது.