அப்பா குடிக்கிற வீட்டுப் பிள்ளை யாரிடம் போவது? ஆயா வீடு, டீச்சர், 1098, 14416

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் குடி புகுந்துவிட்டால் சொந்தபந்தம் மொத்தமும் யோசிப்பது ஒன்றைத்தான்: ஆளை எப்படி நிறுத்த வைப்பது. மாலை போடச் சொல்வார்கள், கோயிலில் கயிறு கட்டுவார்கள், யாரோ சொன்னார்கள் என்று சாப்பாட்டில் தெரியாமல் பொடி கலப்பார்கள். அதே வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது, அதற்கு என்ன வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை. அப்பா திருந்தினால் பிள்ளை தானாகச் சரியாகிவிடும் என்பது எல்லாருடைய கணக்கு. அவர் திருந்த வருஷக்கணக்கில் ஆகலாம், திருந்தாமலும் போகலாம், அதற்குள் பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்துவிடும். அதனால் பிள்ளைக்கான உதவியைத் தனியாகத் தேட வேண்டும், இன்றைக்கே தேட வேண்டும் என்பது என் கட்சி.

எங்கே தேடுவது என்பதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் இருப்பது குடி மட்டுமா, கூடவே அடி உண்டா, தப்பான தொடுதல் உண்டா? வழி இங்கேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

குடி மட்டும் என்றால் ஆயா (அம்மாவின் அம்மா) வீடோ அப்பத்தா வீடோ அம்மான் வீடோ பெரிய துணை. என்னிடம் டியூஷனுக்கு வரும் ஒரு பெண், ஒன்பதாவது. ஏழு மணிக்கு மேல் அவளுக்குக் கண் நோட்டில் இருக்கும், காது வாசலில் இருக்கும். தெருமுனையில் அப்பாவின் டிவிஎஸ் 50 சத்தம் கேட்டதும் வண்டி ஒரே சீராக வருகிறதா, நின்று நின்று வருகிறதா என்று கவனித்துவிட்டுத்தான் பையை எடுப்பாள். நின்று நின்று வந்தால் தம்பியை நாலு வீடு தள்ளியிருக்கும் அப்பத்தாவிடம் விட்டுவிட்டு, அம்மா தனியாக இருக்கக் கூடாதென்று இவள் மட்டும் வீட்டுக்குப் போவாள். அந்த அப்பத்தா வீடு இல்லையென்றால் அந்தப் பையனுக்குத் தூக்கம் ஏது? சோறு, பாய், பரீட்சைக்குப் படிக்க ஒரு மூலை, இதையெல்லாம் எந்த ஹெல்ப்லைனும் தராது.

ஆனால் அடியும் தொடுதலும் என்று வந்தால் சொந்தக்காரர் வீட்டை மட்டும் நம்பக் கூடாது. ஒரே வீட்டில் நாலு பங்காளிக் குடும்பம், கோயிலுக்குப் போனால் அதே முகங்கள், நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்களும் அந்த வட்டத்தில்தான். பேச்சு உடனே ‘வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்’ என்று திரும்பிவிடும். நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, அவரை மன்னிப்புக் கேட்க வைத்து, பிள்ளையை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். செய்தவரே மாமா, சித்தப்பா முறை என்றால் அதுகூட நடக்காது.

டீச்சரிடம் ஒரு வசதி, அவர் பிள்ளையைத் தினமும் பார்க்கிறார். தூங்காத கண்ணும் முழுக்கை மறைக்கிற தழும்பும் முதலில் படுவது அவர் கண்ணில்தான். சிக்கல், சின்ன ஊரில் டீச்சருக்கும் அப்பாவைத் தெரிந்திருக்கும். நல்ல எண்ணத்தில் அப்பாவைக் கூப்பிட்டு ‘உங்க பொண்ணு இப்படிச் சொல்றா’ என்று புத்தி சொன்னால் அன்று ராத்திரி அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கும்? டீச்சர்களே, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இன்னொன்று, பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டியது: பாலியல் தொல்லை என்று டீச்சரிடமோ டாக்டரிடமோ சொல்லிவிட்டால் 2012 போக்சோ சட்டப்படி அவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும், மறைத்தால் அவருக்கே தண்டனை. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்து கொடுத்துக் கேட்காதீர்கள். பையன்களுக்கும் இதே சட்டம்தான். பள்ளியில் நம்பிக்கையான ஆள் இல்லையென்றால் மாநிலக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

அடுத்து இரண்டு போன் எண்கள். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1098-க்கு அடித்தால் ஆள் வரும். 1996-ல் மும்பையில் சைல்டுலைனாக ஆரம்பித்தது, 2023-லிருந்து அரசு நேரடியாக நடத்துகிறது, 112 அவசர எண்ணோடும் இணைத்துவிட்டார்கள். இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. பிள்ளையே பேசலாம், பக்கத்து வீட்டுக்காரரும் பேசலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்து பார்ப்பார்கள், தேவைப்பட்டால் விஷயம் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும். ‘ஹோம்ல போட்டுருவாங்க’ என்று பயந்து போன் பண்ணாத பிள்ளைகள் நிறைய. 2015 சிறார் நீதிச் சட்டம், விடுதி கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. ஆயாவோ அத்தையோ பொறுப்பேற்க முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது. போக்சோ வழக்கில் வாக்குமூலம் வாங்கவும் போலீஸ் சீருடையில் வரக் கூடாது, பிள்ளையை ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கவும் கூடாது.

14416-க்கு அடித்தால் ஆள் வராது, பேச்சுத்துணை கிடைக்கும். 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் இது. தமிழிலேயே பேசலாம், இதுவும் இலவசம், எந்நேரமும் உண்டு. தூக்கம் வரவில்லை, படிப்பு ஏறவில்லை, அப்பா மேல் கோபமும் பாசமும் ஒரே நேரத்தில் வருகிறது, செத்துவிடலாம் போலிருக்கிறது என்பதையெல்லாம் சொல்ல இடம் இதுதான். அந்த டியூஷன் பெண்ணுக்கு நான் கொடுத்தது இந்த எண். என் போனிலிருந்தே கொல்லைப்பக்கம் கிணற்றடியில் நின்று பேசினாள். வீட்டுப் போனில் பேசினால் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பது அப்பா கண்ணில் படும், அதனால் போன் கொடுப்பதே பெரிய உதவி. அடி விழுகிற வீட்டுக்கு இந்த எண் மட்டும் போதாது, 1098-தான். அந்த நேரத்திலேயே ஆபத்தென்றால் 112.

அலட்டீன் பற்றியும் கேட்கிறார்கள். குடிப்பவர்களின் குடும்பத்துக்கான அல்-அனான் அமைப்பின் இளையோர் பிரிவு அது, 1957-ல் அமெரிக்காவில் தொடங்கியது. ஒரே வேதனையில் இருக்கிற பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள். ‘இது என்னால் வந்ததில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது’ என்று அங்கே சொல்லிக்கொடுப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். நன்றாகப் படித்தால் அப்பா நிறுத்திவிடுவார் என்று நம்பிப் படிக்கிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன், அவர்களுக்கு இந்த மூன்று வாக்கியமும் வேண்டும். ஆனால் கூட்டத்துக்குப் பெரிய நகரம் போக வேண்டுமென்றால் கண்டனூர்ப் பிள்ளைக்கு அது நடக்கிற காரியமில்லை.

அப்பாவின் சிகிச்சைக்கு 14446 என்று தனி எண் உண்டு, அது பெரியவர்கள் வேலை, பிள்ளை தலையில் கட்டாதீர்கள். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் மாலை போட்ட அன்றே சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து, டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்தட்டும். அந்தப் பொடியையும் தொடாதீர்கள். அம்மாவுக்கு அடி விழுகிறதென்றால் 181. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் அம்மா பிள்ளைகளுக்கும் சேர்த்தே பாதுகாப்புக் கேட்கலாம், வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை.

செட்டிநாட்டுக்கே உள்ள ஒரு குழப்பம்: காரைக்குடி சிவகங்கை மாவட்டம், ராயவரம் புதுக்கோட்டை மாவட்டம். வீடு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், ஆயா வீடு இன்னொரு பக்கம் என்று இருக்கிற பிள்ளைகள் இங்கே உண்டு. 1098-ல் பேசும்போது சொந்த ஊரைச் சொல்வதற்கு முன்னால், பிள்ளை இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது, எந்தத் தெரு, எந்த மாவட்டம் என்று சொல்லுங்கள்.