வீட்டிலிருந்து வட்டைக்கு: துவக்கை எப்படிக் கொண்டுபோவது?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வேளாண்மை குடலை தள்ளத் தொடங்கினால் இரவுக் காவலும் தொடங்கிவிடும். வெல்லாவெளி, உன்னிச்சை, கிரான் பக்கம் என்றாலும் சரி, அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவில், சாகாமம் பக்கம் என்றாலும் சரி, பன்றியும் யானையும் நெல்லைத் தேடி வருகின்றன. பயிர்க் காவலுக்கென்று அனுமதிப்பத்திரம் எடுத்த 12 போர் (குழல் அளவு) துவக்கு சில வீடுகளிலாவது உண்டு. எந்தத் துவக்கு நல்லது, எந்தத் தோட்டா தூரம் போகும் என்று வட்டை (வயல்வெளி) ஓரத்தில் விடிய விடியப் பேசுவார்கள். வீட்டு வாசலுக்கும் வரம்புக்கும் இடையில் அதை எப்படிக் கொண்டுபோவது என்று மட்டும் யாரும் வாதாடுவதில்லை. குறி பார்க்கும்போது எவருக்கும் கவனம் தானாக வரும். தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் வண்டியில் ஏற்றும்போதும்தான் அது நழுவுகிறது.

நடைமுறையில் நான்கு வழிகளைக் காணலாம். தோட்டாவை உள்ளே போட்டுப் பாதுகாப்புப் பூட்டை மாட்டி எடுத்துச் செல்வது ஒன்று. வெறுமையாக்கி மூடித் தோளில் மாட்டுவது இரண்டாவது. குழலை மடித்துத் திறந்து கை மேல் போட்டுக்கொண்டு நடப்பது மூன்றாவது. பகுதிகளாகக் கழற்றி உறையில் வைத்துப் போவது நான்காவது.

முதல் வழிக்காரர்கள் சொல்லும் நியாயம் ஒன்றே ஒன்று: “இருட்டில் யானை எதிரே வந்தால் தோட்டா தேடிக்கொண்டிருக்க முடியுமா?” கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிர்க் காவல் துவக்கில் போடும் ரவை யானையை நிறுத்தாது, காயப்படுத்தும். காயப்பட்ட யானை காட்டுக்குத் திரும்புமா, சுட்டவரை நோக்கி வருமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அடுத்த நாள் அதே வழியால் வருகிற அப்பாவிக்கும் அது ஆபத்து. யானையோ 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவலில் இருப்பது. வனசீவராசித் திணைக்களம் யானையைச் சத்தத்தால் விரட்டும் யானை வெடியைக் கொடுப்பது இதற்காகத்தான். ஆகவே தோட்டா போட்டு நடப்பதால் கிடைப்பதாகச் சொல்லும் அந்த ஒரே நன்மையும் நிற்காது.

கெடுதல்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. பாதுகாப்புப் பூட்டை நம்புகிறவர்கள் அது எதைப் பூட்டுகிறது என்று பார்ப்பதில்லை. பெரும்பாலான இரட்டைக் குழல் துவக்குகளில் அது விசையை மட்டுமே தடுக்கும். உள்ளே இழுபட்டு நிற்கும் சுத்தியலைத் தடுக்காது. துவக்கு கீழே விழுந்து பலமாக அடிபட்டால் பூட்டு மாட்டியிருந்தும் வெடிக்கலாம். வெளியே குதிரை (சுத்தியல்) தெரியும் பழைய ஒற்றைக் குழல் துவக்குகள் பலவற்றில் பூட்டே கிடையாது. குதிரையைப் பெருவிரலால் மெதுவாக இறக்கிவிட்டு “இனிப் பயமில்லை” என்பார்கள். இறக்கும்போது பனியில் நனைந்த விரல் வழுக்கினால் போதும். வழுக்காமல் இறங்கினாலும், பழைய அமைப்பில் குதிரை ஊசியின் மேலும் ஊசி தோட்டாவின் பின்புற மருந்தின் மேலும் சாய்ந்து நிற்கும். வரம்பில் சறுக்கி விழுகிறவருக்கு அந்த நிலையில் துவக்கு நட்பு பாராட்டாது. இந்த வழியை நான் ஒப்பீட்டிலிருந்தே தள்ளிவிடுவேன்.

இரண்டாவது வழி பார்வைக்கு ஒழுங்கானது, பலரும் செய்வது. வெறுமையான துவக்கு வெடிக்காது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அது வெறுமையாக இருக்கிறதா என்பதில்தான் சந்தேகம். மூடிய துவக்கைப் பார்த்து எவராலும் அதைச் சொல்ல முடியாது, கொண்டுபோகிறவர் உட்பட. “நேற்றுக் கழற்றினேன்” என்பது ஞாபகம் மட்டுமே. நள்ளிரவில் பன்றிச் சத்தம் கேட்டுத் தோட்டா போட்டவர், சுடாமலே தூங்கிப்போய், விடியற்காலை அரைத் தூக்கத்தில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வருவது நடக்கக்கூடாத காரியமா? இன்னொரு குறையும் உண்டு. மூடிய துவக்கின் குழலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. வாய்க்காலில் ஒரு முறை முனை குத்திச் சேறு அடைத்தால், அடுத்த வெடியில் குழல் பிளக்கும். சுடுகிறவரின் இடது கை அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

அதனால் நடையில் போகிறவருக்கு என் தெரிவு மூன்றாவது வழிதான். மடித்துத் திறந்த துவக்கு வெடிக்கவே முடியாது. இருபது அடி தள்ளி நிற்கும் பிள்ளைக்கும் அது திறந்திருப்பது தெரியும். எதிரே வருகிறவர் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பயந்து விலக வேண்டியதில்லை. குழலை ஒரு தரம் வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் சேறு, இலை, எறும்புக்கூடு எதுவாக இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். தவறிப்போய் உள்ளே தங்கிவிட்ட 20 போர் தோட்டாவும் தெரியும். இது பலர் அறியாத ஆபத்து: 20 போர் தோட்டா சிறியது, 12 போர் குழலுக்குள் நழுவிச் சென்று சற்று முன்னே சிக்கிக்கொள்ளும். வெறுமை என்று நினைத்துப் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே சிதறும். 20 போர் தோட்டாவை வழக்கமாக மஞ்சள் நிறத்தில் செய்வது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். உறவினரிடம் தோட்டா கடன் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து வாங்கட்டும். இன்னும் நல்லது, வாங்காமலிருப்பது.

வரம்பு, வாய்க்கால், யானை வேலி கடக்கும்போதும் இதே வழி உதவும். இருவர் போனால், திறந்த துவக்கை ஒருவர் வாங்கிக்கொள்ள மற்றவர் கடக்கலாம். தனியே போனால், திறந்தபடி வேலிக்கு அப்பால் தரையில் வைத்துவிட்டு வேறோர் இடத்தால் கடக்க வேண்டும். பரணில் ஏறுகிறவர் ஒரு கையில் துவக்கோடு ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். கயிற்றில் கட்டி, வெறுமையாக, முனை கீழே இருக்கும்படி மேலே இழுக்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

மூன்றாவது வழிக்கு இரண்டு குறைகள். ஒன்று, மழை. திறந்த துவக்கு நனையும். வீடு வந்ததும் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் வாவிக் காற்றில் துரு ஏறும். மற்றது, ஐந்து தோட்டா போடும் தொடர் துவக்குகளை மடிக்க முடியாது. அவற்றில் குழலுக்குக் கீழேயுள்ள குழாயை வெறுமையாக்கினாலும் மேலே ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். பின்புறத்தைத் திறந்து, கண்ணால் பார்த்து, விரலையும் விட்டுத் தடவிய பிறகுதான் நம்ப வேண்டும். காவலுக்கு ஒரு துவக்கு வாங்கப் போகிறவர் எதை வாங்கலாம் என்று கேட்டால், மடித்துத் திறக்கும் எளிய ஒற்றைக் குழலையே சொல்வேன். வேகத்தில் அது பின்தங்கும்; ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒருபோதும் மறைக்காது.

சக்கரம் ஏறிவிட்டால் கணக்கு மாறுகிறது. மோட்டார் சைக்கிளில் திறந்த துவக்கைக் கொண்டுபோக இயலாது. முதுகில் மாட்டினால் முனை மரக்கிளையில் இடிக்கும், அல்லது பின்னால் இருப்பவரின் முகத்தருகே நிற்கும். உழவு இயந்திரப் பெட்டியில் உரமூட்டைகளுக்கும் ஆட்களுக்கும் நடுவே படுக்கப் போடுவது எல்லாவற்றிலும் மோசம். இறங்கியதும் முனையைப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பார்கள். விசை ஒரு கயிற்றிலோ கம்பியிலோ மாட்டும். உள்ளே தோட்டா இருந்தால் வெடி நேரே நெஞ்சுக்குத்தான் வரும். வண்டிக்கு நான்காவது வழியே சரி. முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியே வந்துவிடும். பிடிகட்டை, குழல், முன்கட்டை என்று மூன்று துண்டுகள். மூன்று துண்டாகக் கிடப்பதை எந்தக் குலுக்கலாலும் வெடிக்கவைக்க முடியாது. வாவியைப் பாதை எனப்படும் மிதவையில் கடந்து மண்டூர்ப் பக்கம் போகிறவருக்கும் இதுவே நல்லது. பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடைகளும் நெருக்கியடிக்கும் இடத்தில் ஒரு துவக்கு கண்ணில் படுவதை இங்கே யாரும் விரும்பமாட்டார்கள். சோதனைச்சாவடிகளில் வளர்ந்த தலைமுறை இது.

உறை விடயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. உரப்பையில் சுற்றுவது ஊர் வழக்கம். பையில் ஒட்டியிருக்கும் உரத்தூள் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரித்துவிடும். தடித்த துணி உறை தேவலாம், ஆனால் நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீடு வந்ததும் துவக்கை வெளியே எடுத்துவிட வேண்டும். பூட்டுப் போடக்கூடிய கடினமான பெட்டி விலை கூடியது, சைக்கிளுக்கு ஒவ்வாது, மற்றபடி குறை சொல்ல இடமில்லை. எதுவானாலும் தோட்டாக்கள் வேறு பையில், வேறு கையில். அனுமதிப்பத்திரமும் கூடவே இருக்கட்டும். துவக்குகளுக்கான 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையிலுள்ள சட்டம்தான்.

நான்காவது வழியின் குறை இருட்டில் பொருத்துவது. முன்கட்டை சேற்றில் விழுந்தால் அன்றைய காவல் போயிற்று. வெளிச்சம் இருக்கும்போதே வட்டைக்குப் போய்ப் பொருத்திக்கொள்வதைத் தவிர இதற்கு மருந்தில்லை.

இத்தனை வில்லங்கமும் வேண்டாம், துவக்கை வட்டையிலுள்ள காவல் வாடியிலேயே வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாடி என்பது நான்கு கம்பும் கிடுகும். நெல் வாசனைக்குச் சுவரையே தள்ளுகிற யானைக்கு அது ஒரு தடையா? பகலில் ஆளில்லாத வாடிக்குள் மாடு தேடி வருகிறவனும் நுழையலாம், விறகுக்கு வந்த பிள்ளைகளும் நுழையலாம். துவக்கு களவு போனால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதவேண்டியவர் அனுமதிப்பத்திரக்காரர். ஏன் அங்கே வைத்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவரும் அவர்தான்.