ஓதக்கதவு வாங்கும் முன்: மூன்று வகைகள், மீனின் பக்கத்திலிருந்து ஒரு விமர்சனம்

ஓதம் என்றால் கடல்மட்டம் தினமும் ஏறி வற்றுவது; ஏறும்போது கடல்நீர் ஆற்றுக்குள் வராமல் தடுப்பது ஓதக்கதவு. கழிமுகத்தில் அதைப் போடுகிறவர்கள் விற்பவரிடம் முதலில் கேட்பது, "உப்புத்தண்ணீர் உள்ளே வராதே?" என்பதுதான். நியாயமான கேள்வி, வயலும் குடிநீரும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வந்து வாழும் மீன்கள் கதவுக்கு அப்பால் ஆற்றுப்பக்கத்தில் மெல்ல இல்லாமல் போகும். அதனால் இங்கே நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஓதம் ஏறும்போது கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது?

முதலில் பழைய வகை. மேலே கீல் வைத்துத் தொங்கும் கனமான இரும்புக் கதவு. மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். உள்ளே நீர்மட்டம் உயர்ந்தால் திறக்கும், கடல் ஏறினால் தானே சாத்திக்கொள்ளும். உப்பைத் தடுக்கிற வேலையில் குறை சொல்ல முடியாது, மீனுக்குத்தான் இது கொடுமை. கண்ணாடி போல உடம்பு கொண்ட விலாங்குக் குஞ்சுக்கு ஆற்றை எதிர்த்து நீந்த வலு போதாது. ஏறும் ஓதத்தோடு மிதந்து வந்து, வற்றும்போது அடியில் ஒதுங்கி, அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருந்துதான் அது மேலே போகும். அது வந்து சேரும் நேரம் பார்த்துக் கதவு மூடியிருக்கும். வற்றும்போது திறக்கிறதே என்றால், அப்போது அந்தச் சின்ன இடுக்கு வழியாகத் தண்ணீர் பீறிட்டு வெளியே வரும், விரல் நீளக் குஞ்சு அதை எதிர்த்து எங்கே போவது? ஓதம் ஏறும்போது இப்படி ஒரு கதவருகே நின்று பாருங்கள், மடவைக் குஞ்சுகள் கூட்டமாக வந்து விளிம்பை முட்டி முட்டித் திரும்பும், அவற்றைத் தின்னப் பெரிய மீனும் கொக்கும் அங்கேயே காத்திருக்கும். உள்பக்கமோ தண்ணீர் தேங்கி, ஆக்சிஜன் குறைந்து, பாசி மண்டிக் கிடக்கும். 5க்கு 1.

பக்கவாட்டில் கீல் வைத்த இலேசான கதவு கொஞ்சம் தேவலாம், அகலமாகத் திறக்கும், வெளியேறும் தண்ணீரின் வேகமும் குறையும். ஆனாலும் ஓதம் ஏறினால் மூடிவிடுகிறது. 5க்கு 2.

நான் பரிந்துரைப்பது மிதவை வைத்த கதவு. ஓதம் ஏறத் தொடங்கியதும் இது மூடாது, நாம் குறித்துவைத்த மட்டத்துக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் மிதவை எழும்பிக் கதவைச் சாத்தும். அதற்குள் ஏற்றத்தின் முதல் பகுதியோடு குஞ்சுகள் உள்ளே போய்விடும், வருகிற உப்பும் அளவோடு நிற்கும். குறை இல்லாமல் இல்லை: மிதவையின் கையில் குப்பையும் கிளையும் சிக்கும், கீலில் கொட்டலசு (ஓடு போலப் படியும் கடல் உயிரி) ஒட்டும், சுத்தம் செய்ய ஆள் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், பயந்துபோய் மட்டத்தை ரொம்பத் தாழ்வாக வைத்துவிடுவது, அப்படி வைத்தால் காசைக் கொட்டிப் பழைய கதவையே வாங்கியதாக ஆகிவிடும். 5க்கு 4.

ஆற்றையே மறிக்கும் பெரிய தடுப்பணைக்கு இதெல்லாம் போதாது, மீன்வழி, அதாவது அணையைத் தாண்டி மீன் ஏறிப்போகும் பாதை, கட்டியாக வேண்டும், அதுவும் அந்த ஆற்று மீனுக்குப் பொருந்துவதாக. ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் ஆற்றில் 1970இல் கட்டிய தடுப்பணையில் முதலில் வைத்த படிவழி (படிப்படியாக அமைந்த தொட்டிகள்) அங்குள்ள மீன்களுக்குப் பெரிதாக உதவவில்லை. 1994இல் அதைச் தடுப்புச் சுவரில் மேலிருந்து கீழ்வரை செங்குத்துப் பிளவு வைத்த தொட்டிகளாக மாற்றிய பிறகுதான் கொடுவா உட்படப் பல மீன்கள் ஏறின. நெதர்லாந்தின் ஹாரிங்ஃப்ளீட்டில் வேறு வழி. 1970இல் அடைத்த கழிமுகத்தின் மதகுகளை, 2018 நவம்பர் முதல், ஆற்றில் போதிய நீர் வரும் நாட்களில் ஓதம் ஏறும்போதும் சற்றே திறந்து வைக்கிறார்கள். உப்பு எட்டாதபடி நன்னீர் எடுக்கும் வாய்களைக் கிழக்கே தள்ளிக் கட்டிவிட்டுத்தான் இதைச் செய்தார்கள். கங்கையில் கட்டிய ஃபரக்கா அணையோ இதற்கு எதிரான உதாரணம்: 1975இல் அது வந்த பிறகு ஆற்றில் அதற்கு மேல்பகுதியில் உல்லம் மீன் அடியோடு குறைந்தது.

சரி, வாங்கப் போகிறீர்கள் என்றால், ஓர் ஏற்றத்துக்கு எத்தனை நிமிடம் திறந்திருக்கும் என்று பெரிய ஓதத்துக்கும் சின்ன ஓதத்துக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அப்புறம், மிதவை மட்டத்தை மாற்றுகிற அதிகாரம் யாரிடம் இருக்கும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள்.