டிசையர் டீசலில் டைமிங் செயின் மாற்றிய பிறகு: இரண்டு வருஷ அனுபவம்

இன்ஜின் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடும்படி கிராங்க்ஷாஃப்டையும் கேம்ஷாஃப்டையும் இணைக்கும் சங்கிலிதான் டைமிங் செயின். செயின் போட்ட இன்ஜின் என்றால் டைமிங்கைப் பற்றிக் கவலையே வேண்டாம், இன்ஜின் உள்ள வரைக்கும் வரும் என்று பலரும் சொல்வார்கள். ஆயில் ஒழுங்காக மாற்றிய வண்டிக்கு அது பெரும்பாலும் சரிதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் 2011 மாடல் டிசையருக்கு ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர் தாண்டியதும் செயின் மாற்ற வேண்டி வந்தது. மாற்றி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. சென்னை நெரிசலிலும் திருச்சி ஹைவேயிலும் நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

இதில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட். 1248 சிசி, 16 வால்வு. ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புன்டோ, லினியா என்று நம் ஊரில் எத்தனையோ வண்டிகளில் ஓடிய இன்ஜின். 2020இல் பிஎஸ்6 புகை விதி வந்தபோது மாருதி இதை நிறுத்திவிட்டது. ஆனால் ரோட்டில் இன்னும் ஏராளமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அறிகுறி சத்தம்தான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால், டிரைவர் சைடு ஓரத்திலிருந்து கடகடவென்று சில விநாடி சத்தம், அப்புறம் அடங்கிவிடும். டீசல் வண்டி அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடத் தோன்றும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. ராத்திரி ஆயில் கீழே இறங்கிவிடுவதால், பிரஷர் ஏறும் வரைக்கும் தளர்ந்த செயின், அதற்கு வழிகாட்டும் பிளாஸ்டிக் பட்டையான கைடில் அடிக்கிறது. கொஞ்ச நாளில் சூடான இன்ஜினிலும் ஐடிலில் லேசாகக் கேட்க ஆரம்பித்தது. மெக்கானிக் அண்ணன் பகலில் கேட்டுவிட்டு எதுவும் சொல்லவில்லை. “வண்டிய நைட் இங்கயே விடுங்க சார், காலைல முதல் ஸ்டார்ட்ட நான் கேக்கணும்” என்றார். அவர் மேல் நம்பிக்கை வந்தது அந்த வார்த்தையில்தான்.

செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, உண்மையில் இரும்பு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் தேய்ந்து துளி இடைவெளி விழுகிறது, எல்லாம் சேர்ந்து செயின் தளர்ந்துவிடுகிறது. டீசல் கரி கலந்த பழைய ஆயில் இந்தத் தேய்மானத்தை வேகமாக்கும். என் வண்டியின் பழைய சர்வீஸ் பில்களில் 10,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஆயில் 15,000 தாண்டியும் போயிருந்தது. இன்ஜினைக் குறை சொல்ல எதுவும் இல்லை. தளர்ச்சி முற்றி செயின், ஸ்ப்ராக்கெட் என்ற பல் சக்கரத்தில் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும், அப்போது இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டைக் கழற்றாமல் தீராது.

வேலை சாதாரணமானது இல்லை. இன்ஜினை அடியில் ஜாக் கொடுத்துத் தாங்கி, அந்தப் பக்கத்து மவுன்ட்டைக் கழற்றி, கிராங்க் புல்லி, அடியில் ஆயில் தேங்கும் சம்ப், டைமிங் கவர் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். கேம்ஷாஃப்டையும் கிராங்க்கையும் பூட்டி வைக்க இந்த இன்ஜினுக்கென்றே லாக்கிங் டூல் உண்டு. பெயின்ட்டில் கோடு போட்டு வைத்துக்கொண்டு மாற்றிவிடலாம் என்று சொல்லும் கடையில் வண்டியை விடாதீர்கள். சம்ப்பைத் திறந்ததும் அண்ணன் கூப்பிட்டுக் காட்டினார்: கைடின் பிளாஸ்டிக் துணுக்குகள் ஆயில் ஸ்ட்ரெய்னர் வலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆயில் உறிஞ்சும் வழியே அதுதான். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் டர்போவும் பேரிங்கும் ஆயில் இல்லாமல் காய்ந்திருக்கும்.

செயினை மட்டும் மாற்றினால் போதும் என்று ஒரு கடையில் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்கார்ந்தால் அதுவும் சீக்கிரம் தேயும். ஸ்ப்ராக்கெட், கைடு, டென்ஷனர், முன் ஆயில் சீல் எல்லாமே புதிது. உதிரி பாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜிபி ரோட்டில் விலை குறைந்த செட்டும் கிடைத்தது. இவ்வளவு கழற்றும் வேலையில் பாகத்தில் மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாட்டிய பிறகு இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, லாக் பின் திரும்பச் சரியாக உட்காருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்தார். ஃபேன் பெல்ட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது.

இன்று வரை காலை ஸ்டார்ட்டில் அந்தக் கடகடப்பு இல்லை. இரண்டாவது கியரில் மெதுவாகப் போகும்போது இழுவை கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. மைலேஜில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, அதை நம்பி யாரும் இந்தச் செலவைச் செய்ய வேண்டாம். 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே உள்ள டர்போ லேக், அதாவது இழுவை வரும் தாமதம், அப்படியேதான் இருக்கிறது, அது வேறு விஷயம். ஆயிலை இப்போது 7,500 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுகிறேன். டைமிங் கவர் ஓரத்தில் கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீசிலும் பார்க்கச் சொல்வேன், இதுவரை காய்ந்தே இருக்கிறது.

இந்த இன்ஜின் வண்டியைப் பழசாக வாங்கப் போகிறவர்கள் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் காலையில் வருகிறேன், அதுவரை எடுக்காமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.