பெல்கிரேடின் பழைய பேப்பரை பெங்களூரு அல்சூரில் இருந்தே படிக்கலாம்

செர்பியாவின் தேசிய நூலகம், தலைநகர் பெல்கிரேடில் வெளிவரும் 'பொலித்திகா' நாளிதழின் 1904 முதல் 1941 வரையிலான இதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெங்களூரு சிவாஜிநகரில் ஒரு அச்சகத்தில் அச்சுக் கோத்தவன் நான். படிக்கத் தெரியாத சிரிலிக் எழுத்துதான், ஆனாலும் அந்தப் பத்திகளின் ஒழுங்கை விட்டுக் கண் நகரவில்லை.

தொடங்கியவர் விளாதிஸ்லாவ் ரிப்னிகர். முதல் இதழின் தேதி ஜனவரி 12. நம் காலண்டரில் ஜனவரி 25. செர்பியா அப்போது பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது, பழைய இதழ்களைத் தேடும்போது இந்த 13 நாள் வித்தியாசம் நினைவிருக்கட்டும்.

1914இல் முதல் உலகப் போரில் அவரும் சகோதரர் தார்கோவும் இறந்தார்கள். எத்தனை பத்திரிகை அதோடு மூடியிருக்கும்! டாக்டரான இன்னொரு சகோதரர் ஸ்லோபோதான் பொறுப்பேற்றார். அப்புறம் 1941 ஏப்ரலில் ஜெர்மன் குண்டுவீச்சோடு நின்று, 1944 அக்டோபரில் திரும்ப வந்தது. இன்றும் வருகிறது.

போனில் வேண்டாம், பெரிய திரையில் பாருங்கள். மொழிபெயர்ப்புச் செயலி பக்கத்தில் இருந்தால் தலைப்புகளாவது புரியும். கர்நாடகத் தமிழ்ப் பத்திரிகைகளையும் யாராவது இப்படி முழுசாகச் சேர்த்து வைக்க வேண்டும். பைண்டிங் கட்டுகள் வைத்திருப்பவர்கள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள்.