கரண்ட் போனால் லேப்டாப்புக்கு நெட்: கேபிளா, ஹாட்ஸ்பாட்டா?

கரண்ட் போய் மோடம் அணைந்ததும் எல்லோரும் போனில் தட்டுவது வைஃபை ஹாட்ஸ்பாட்டைத்தான். நெட் வேண்டியது ஒரே லேப்டாப்புக்கு என்றால், போனின் நெட்டைக் கேபிள் வழியே லேப்டாப்புக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங்தான் மேல்.

காரணம் வேகம் அல்ல, அறுந்துபோகாத இணைப்பு. அடுக்குமாடிக் குடியிருப்பில் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்ட் (அலைவரிசை) முழுக்கப் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள். ஜூம் மீட்டிங்கில் குரல் உடைவது பல நேரம் அதனால்தான், டவர் மேல் தப்பில்லை. ஹாட்ஸ்பாட்தான் வேண்டுமென்றால் பேண்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, போனை லேப்டாப் பக்கத்திலேயே வையுங்கள். சுவர் தாண்டினால் அந்த சிக்னல் தளர்ந்துவிடும். ஐபோனில் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ ஆன் ஆகியிருந்தால் 2.4-க்கே போய்விடும்.

கேபிளுக்கு முதலில் போனைச் செருக வேண்டும், பிறகு செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங். செருகியும் அந்தப் பொத்தான் மங்கலாகவே இருந்தால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்: பவர் பேங்குடன் வரும் மலிவுக் கேபிள் பலவற்றில் டேட்டா கம்பியே கிடையாது, சார்ஜ் மட்டும்தான் ஏறும். மேக்புக்கில் பல ஆண்ட்ராய்டு போன்கள் இந்த வழியில் வேலை செய்யாது. அங்கே ஹாட்ஸ்பாட்தான் கதி.

கேபிளின் உண்மையான குறை வேறு. போன் லேப்டாப்பிலிருந்து சார்ஜ் உறிஞ்சும். சாதாரண யுஎஸ்பி போர்ட்டில் 2.5 முதல் 4.5 வாட் வரை போகும். நீண்ட மின்வெட்டில் அது லேப்டாப் பேட்டரியில் தெரியும். ஹாட்ஸ்பாட்டில் போன் தன் பேட்டரியைத்தான் தின்னும். அதையே சார்ஜில் போட்டபடி ஓட்டினால் போன் சூடேறி, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

எதில் இணைத்தாலும் விண்டோஸில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ (டேட்டா அளவோடுதான் இருக்கிறது என்று விண்டோஸுக்குச் சொல்லும் செட்டிங்) ஆன் செய்ய மறக்காதீர்கள். கேபிள் இணைப்பு ஈதர்நெட் பெயரில் வரும். வைஃபைக்குப் போட்ட செட்டிங் அதற்குச் செல்லாது, தனியாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே விண்டோஸ் அப்டேட் அன்றைய 1.5 ஜிபியை முடித்துவிடும். பிறகு வேகம் 64 கேபிபிஎஸ்தான், அதில் மெயில்கூடத் திணறும்.

புளூடூத் டெதரிங் நடைமுறையில் 2 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. மெயிலுக்குப் போதும், பேட்டரியும் மிச்சம்.

வாடிக்கையாளர் அழைப்பு ஓயாத வேலை என்றால் தனி சிம் போட்ட பாக்கெட் ரவுட்டர் வாங்கலாம். இரட்டை சிம் போன்கள் பலவற்றில் ஒரு சிம்மில் பேசும்போது மற்ற சிம்மின் டேட்டா நின்றுவிடும், மீட்டிங்கும் அதோடு போகும். ரவுட்டருக்குச் செலவழிக்கும் முன், அழைப்பு வரும் சிம்முக்கே டேட்டாவை மாற்றி, வோல்டிஇ (4ஜி வழியாகவே பேசும் வசதி) ஆன் செய்து பாருங்கள்.